அண்ணாவியாராக இருந்த எங்கள் அப்பாவின் நினைவு மலரில் என்ன போடுவது?

களரிமகள் (ஏறாவூர்ப்பற்று):

வணக்கம் உறவுகளே.

ஊரில் கூத்துப் பழக்கும் அண்ணாவியாராக இருந்த எங்கள் அப்பா இந்த மாதத் தொடக்கத்தில் காலமாகிவிட்டார். வயது 82. 31ஆம் நாள் நினைவுச் சாப்பாடான அமுதுக்கு நினைவு மலர் அடிப்பது என்று சுவிஸில் இருக்கும் தம்பியும் இங்கே அக்காவும் முடிவெடுத்து, எழுதும் பொறுப்பை என்னிடம் தந்துவிட்டார்கள். அச்சகத்தில் ஒரு மாதிரிப் புத்தகத்தைக் கையில் கொடுத்தார்கள். படம், திதி வெண்பா, தேவாரங்கள், வம்சவழி, மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், பேரப்பிள்ளைகள் புலம்பல், கடைசியில் நன்றி நவிலல். புலம்பல் பாட்டெல்லாம் ஏற்கனவே கோத்து வைத்திருக்கிறார்களாம், பேரை மட்டும் மாற்றினால் போதுமாம். எங்கள் அப்பா தன் வாழ்நாளில் பேர் மாற்றிய பாட்டு யாருக்கும் கொடுத்தவர் இல்லை. அதனால்தான் இங்கே வந்து கேட்கிறேன்.

அப்பா யாரென்று கொஞ்சம் சொல்கிறேன். வந்தாறுமூலைச் செல்லையா அண்ணாவியாரின் மத்தளத்தைக் கேட்டு வளர்ந்தவர். 1962இல் பேராதனையில் பேராசிரியர் வித்தியானந்தன் ‘கர்ணன் போர்’ கூத்தை மேடையேற்றியபோது பல்கலைக்கழகப் பிள்ளைகளுக்கு ஆட்டம் பழக்கியவர் அந்தச் செல்லையா அண்ணாவியார். இந்தக் கதையைச் சொல்லும்போது அப்பா தனக்கே பட்டம் கிடைத்த மாதிரி நிமிர்ந்து உட்காருவார். அவருக்கு அப்போது இருபது வயதளவில். மறுகா அவரும் மத்தளம் எடுத்தார், கூத்தின் இரண்டு வகையான வடமோடி தென்மோடி இரண்டும் பழக்கினார், அண்ணாவியார் என்று ஊர் கூப்பிட்டது.

சம்பளத்துக்கு வாழைச்சேனைக் காகித ஆலையில் வேலை. சைக்கிளில்தான் போய்வருவார். வைக்கோலை அவித்துக் கூழாக்கித் தாள் செய்த ஆலை அது. ஓரம் வெட்டிக் கழித்த தாள்களைக் கேட்டு வாங்கி வருவார். அம்மா சாக்கு ஊசியால் தைத்துக் கொப்பியாக்கிக் கொடுப்பார். ஒரு கொப்பி அகலமாக இருக்கும், இன்னொன்று விரல் நீளத்தில் ஒடுங்கியிருக்கும். எந்தத் தாள் கிடைத்ததோ அந்த அளவு. அந்தக் கொப்பிகளில்தான் கூத்துப் பிரதி எல்லாம் இருக்கிறது. ஆலையில் கூட வேலைசெய்தவர்கள் கூத்துப் பார்க்க வந்திருந்த ஒரு இரவு, கட்டியகாரன் வாயில் அப்பா இதைப் போட்டுப் பாட வைத்தார்:

வைக்கோலைத் தின்ற பசு பால்கறக்கும் பார்த்திருப்பீர்
வைக்கோலைத் தின்ற ஆலை வெண்தாள் கறக்குதையா
மைக்கோல் பிடித்தவர்க்கு வாசித்தால் உள்ள பலன்
கைக்கோலை ஊன்றிநிற்கும் கமக்காரன் தந்ததையா

ஆலைக்காரர் அடுத்த நாள் முழுக்க இதையே பாடிக்கொண்டு வேலை செய்தார்களாம்.

1978 நவம்பர் 23 சூறாவளியில் எங்கள் கூரை போய்விட்டது. பெட்டகத்துக்குள் தண்ணீர் ஏறி, கொப்பி எல்லாம் திரும்பவும் கூழாகிவிட்டது. நான் அப்போது கைக்குழந்தை. அம்மா சொல்லித்தான் தெரியும். வீட்டை மேய்ந்து முடிந்ததும் முதல் வேலையாக அப்பா கூத்தாடினவர்களைக் கூப்பிட்டு அனுப்பினார். சட்டம் கொடுக்கும்போது, அதாவது பாத்திரம் பிரித்துக் கொடுக்கும்போது, ஆளாளுக்கு அவரவர் பாட்டை எழுதிக் கொடுப்பது வழக்கம்தானே. அந்த எழுத்தையும் சட்டம் என்போம். அருச்சுனனுக்கு ஆடியவரிடம் அவருடைய சட்டம் நனையாமல் இருந்தது. சட்டம் இல்லாதவர்கள் மனதில் இருந்ததைப் பாடினார்கள். வேடனாக வரும் சிவனுக்கு ஆடியவருக்கு எழுத வாசிக்கத் தெரியாது. ஆனால் அவர் பாடியதில்தான் ஒரு சொல்லும் பிசகவில்லை என்று அப்பா எப்போதும் சொல்லுவார். இப்படி ஒருவர் வாயிலிருந்தும் இன்னொருவர் சட்டத்திலிருந்தும் பொறுக்கி எடுத்து ‘அருச்சுனன் தபசு’ மறுபடி கொப்பியில் ஏறியது. யாருக்குமே ஞாபகம் வராத விருத்தங்களை அப்பாவே கட்டி நிரப்பினார். அவர் கட்டிய ஒவ்வொன்றுக்கும் ஓரத்தில் சிவப்பு மையால் ஒரு புள்ளி வைத்திருக்கிறார். பழைய ஆட்களின் பாட்டைத் தன் பாட்டு என்று பின்னால் ஒருவரும் நினைத்துவிடக் கூடாது என்பதற்காக.

கூத்தாடுகிறவர் உடுக்கும் அகன்ற உடையான கரப்புடுப்புக்கு உள்ளே வைக்கும் வளையத்தை அவரே பிரம்பு வளைத்துக் கட்டுவார். முடிக்கு மெல்லிய மரத்தைச் செதுக்கி, தேயிலைப் பெட்டி ஈயத்தாளை ஒட்டி, உடைந்த முகக் கண்ணாடியைச் சின்னச் சின்னதாக வெட்டிப் பதிப்பார். பெற்றோல்மக்ஸ் வெளிச்சத்தில் அது எப்படி மினுங்கும் என்று பார்க்க, இரவில் என்னை முடியைத் தலையில் வைத்துக்கொண்டு வளவுக்குள் கிறுகிச் சுற்றச் சொல்லிவிட்டுத் தூரத்தில் போய் நிற்பார். மினுங்காத இடத்தில் இன்னொரு கண்ணாடித் துண்டு வைப்பார். இதை ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், அப்பாவைப் பற்றி எழுதுகிறவர்கள் ‘சிறந்த கலைஞர்’ என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். அந்த முடியில் எத்தனை கண்ணாடித் துண்டு என்பதும், ஏன் அந்த இடத்தில் வைத்தார் என்பதும்தான் எனக்கு அப்பா.

எங்கள் ஊர்க் கூத்தில் பெண்கள் ஆடுவதில்லை. பெண் பாத்திரங்களுக்கும் ஆண்கள்தான். ஆனால் பழக்கத்துக்கு ஏடு பார்க்க ஆள் வராத நாட்களில் என்னைப் பக்கத்தில் இருத்தி, கொப்பியைப் பார்த்து அடி எடுத்துக் கொடுக்கச் சொல்லுவார். அப்படித்தான் ஆட்டத்துக்கான தாளச் சொற்கள், தாளக்கட்டு முழுக்க எனக்குப் பாடமானது. பல வருடம் கழித்து என் மகள் தமிழ்த்தினப் போட்டியில் அருச்சுனனாக ஆட நின்றபோது, சதங்கையை அவர்தான் அவள் காலில் கட்டினார். ஊரில் சிலர் ஒரு மாதிரிப் பார்த்தார்கள். “கால் ஆட்டத்தைத்தான் பார்க்கும், ஆணா பெண்ணா எண்டு பார்க்காது” என்றார். அதோடு அந்தக் கதை முடிந்தது.

1990இல் வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகத்தில் அகதியாக இருந்தோம். போகும்போது அப்பா எடுத்தது இரண்டு கொப்பியும் சல்லாரி என்கிற கைத்தாளமும். அந்த நாட்களைப் பற்றி அவர் பிறகு கதைத்ததே இல்லை. வெகுகாலம் ஊரில் கூத்தே நடக்கவில்லை. ஆடியவர்களில் பலர் இல்லை. 2002இல் சமாதானம் என்று கொஞ்சம் மூச்சு விட்டபோது, இளம் பெடியன்களைப் பிடித்து, அப்பன் ஆடிய பாத்திரத்தை மகனுக்கு என்று தேடித் தேடிச் சட்டம் கொடுத்தார். அப்பன் இல்லாத பிள்ளைகளுக்கு, “உன்ர அப்பா இந்த இடத்தில கையை இப்பிடித்தான் பிடிப்பார்” என்று தான் ஆடிக் காட்டுவார்.

பேரப்பிள்ளைகளுக்கு அவர் வேறு மனிதர். சாப்பாட்டுக் கோப்பையைத் தட்டி ஒரு தாளக்கட்டுச் சொன்னால்தான் பொரித்த மீன் கிடைக்கும். பாண்காரர், மாடு மேய்க்கும் பெடியன், பிரசவத்துக்கு வந்த மருத்துவமாது என்று எல்லாருக்கும் ஒரு கவி கட்டியிருக்கிறார். அதில் பாதி எங்கேயும் எழுதப்படவில்லை.

இப்போது கேள்வி. பெட்டகத்தில் கொப்பிகள் இருக்கின்றன, சில கசெற்றுகளும் இருக்கின்றன. புத்தகம் 32 பக்கம்தான். கூத்தில் ஒரு பகுதியைப் போடலாமா, அவர் கட்டிய கவிகளைப் போடலாமா, அல்லது வாழ்க்கை வரலாறா? உங்கள் வீட்டில் யாராவது அண்ணாவியாருக்கோ புலவருக்கோ இப்படிச் செய்திருந்தால் சொல்லுங்கள். கொப்பித் தாள் தொட்டாலே முறிகிறது, அதற்கும் வழி தெரிந்தால் சொல்லுங்கள்.

முனைக்காட்டுச் சல்லாரி:

தங்கச்சி, ஆழ்ந்த அனுதாபங்கள். காகித ஆலை அண்ணாவியார் என்றால் வாவிக்கு மேற்கே எங்கள் படுவான்கரையிலும் தெரியும். மண்முனையில் 2014இல்தான் பாலம் வந்தது. அதற்கு முந்திய காலத்தில், பாதை என்கிற மிதவைப் படகில் சைக்கிளோடு ஏறி ஆற்றைக் கடந்து எங்கள் ஊர்க் கூத்து ஒத்திகையான அடுக்குப் பார்க்க வருவார். எங்களுக்குச் சொந்தமாக அண்ணாவியார் இருந்தார், இருந்தாலும் அவர் இவரைக் கூப்பிடுவார். இருவருக்கும் போட்டி இல்லை.

நான் ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும், இதை மலரில் கட்டாயம் போடுங்கள். அரங்கேற்ற இரவு எங்கள் மத்தளக்காரருக்குக் காய்ச்சல். உங்கள் அப்பா மத்தளத்தில் இருந்தார். சாமம் தாண்டி, விடியப் போகும் நேரம். நான் கரப்புடுப்போடு வரவு ஆட்டம் ஆடி, போர்ப் பாட்டான போர்த் தருவுக்கு வந்துவிட்டேன். மூச்சு வாங்குகிறது, கால் எழும்பவில்லை. அவர் என்னைப் பார்த்தார். தாளத்தை விடாமல், அதே இடத்தை இன்னொரு தரம் பிற்பாட்டுக்காரரைப் படிக்கச் சொல்லிக் கண்ணைக் காட்டினார். அவர்கள் படித்து முடிக்கும் வரை நான் ஆடுகளமான களரியைச் சுற்றி நடந்து வந்தால் போதும் என்கிற மாதிரி அடியை மெதுவாக்கினார். சனத்துக்கு ஒன்றும் விளங்கவில்லை, அது கூத்தில் உள்ளதுதான் என்று நினைத்தார்கள். நான் மூச்சு எடுத்ததும் சட்டென்று வேகம் கூட்டினார். ஆடுகிறவனின் மூச்சைப் பார்த்து அடிக்கிற கை அது. இப்போது எத்தனை பேரிடம் இருக்கிறது என்று தெரியாது.

உங்கள் கேள்விக்கு என் யோசனை: முழுக் கூத்தை 32 பக்கத்துக்குள் அடக்க ஒண்ணாது, அதற்கு ஆசைப்படாதீர்கள். அந்தச் சிவப்புப் புள்ளி விருத்தங்களைப் போடுங்கள். ஒவ்வொன்றுக்கும் கீழே அதை முதலில் பாடியவர் யார், எந்தப் பாத்திரம் என்று எழுதுங்கள். ஆடினவர்களின் பேர் எங்கேயாவது அச்சில் வந்திருக்கிறதா? எங்கள் பக்கத்தில் இல்லை. அண்ணாவியாரின் மலரில் அவர் பழக்கிய ஆட்களின் பேர் வந்தால் அதுதான் அவருக்குப் பெரிய மரியாதை.

ஆவணப்பெட்டி:

வணக்கம் அக்கா. பழைய கொப்பி வேலை கொஞ்சம் செய்திருக்கிறேன், அதனால் அந்தப் பக்கத்தை மட்டும் சொல்கிறேன்.

கொப்பிகளைத் தயவுசெய்து லமினேற் செய்ய வேண்டாம். நிறையப் பேர் பாதுகாப்பு என்று நினைத்து அதைத்தான் செய்கிறார்கள். சூடு பட்டுப் பசை ஒட்டினால் பிறகு தாளைப் பிரிக்கவே முடியாது. செல்லோடேப்பும் ஒட்ட வேண்டாம், காலப்போக்கில் அந்த இடம் மஞ்சளாகி எழுத்தை விழுங்கிவிடும். இரும்புப் பின் இருந்தால் மெதுவாகக் கழற்றுங்கள். அம்மா தைத்த நூலை வெட்ட வேண்டாம், அப்படியே விட்டுவிட்டு, கொப்பியை முழுக்க விரிக்காமல் பாதி திறந்த நிலையில் மேலேயிருந்து போனால் படம் எடுங்கள். ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழ வேண்டும், பிளாஷ் வேண்டாம். புள்ளி முக்கியம் என்றபடியால் கறுப்பு வெள்ளையில் எடுக்காதீர்கள், நிறத்திலேயே எடுங்கள். பக்க வரிசை மாறாமல் ஒவ்வொரு கொப்பிக்கும் தனி அடைவு வையுங்கள்.

கசெற்றைப் போட்டவுடன் பிளே அமத்த வேண்டாம். நெடுங்காலம் சுற்றாமல் கிடந்த ரேப் (ஒலிநாடா) ஒட்டியிருக்கும். முதலில் பேனையை விட்டுக் கையால் கொஞ்சம் சுற்றிப் பாருங்கள். இலகுவாகச் சுற்றினால் ஒரு தரம் முன்னும் பின்னும் ஓடவிட்டுப் பிறகு பதியுங்கள். பெட்டி உடைந்திருந்தால் பயப்பட வேண்டாம், திருகாணி உள்ள இன்னொரு கசெற்றுப் பெட்டிக்குள் ரேப்பை மாற்றலாம். பிளேயரிலிருந்து வயர் போட்டுக் கணினியில் பதிவது நல்லது, ஸ்பீக்கருக்கு முன்னால் போனைப் பிடிப்பது கடைசி வழி. முதல் பிரதி வேவ் கோப்பாக இருக்கட்டும். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் ஒலி சுருங்கிவிடும்.

நூலக நிறுவனம் 2005இலிருந்து நினைவு மலர்கள், இறந்தவருக்காக அடிக்கும் கல்வெட்டுப் புத்தகங்கள் எல்லாம் மின்னூலாக்கி வைக்கிறது. ஒலிப்பதிவு, கையெழுத்துப் பிரதிகளுக்கு அவர்களுடைய ஆவணகம் இருக்கிறது. மலர் அச்சானதும் ஒரு பிரதியை அனுப்பினால் சுவிஸில் இருக்கும் பேரப்பிள்ளையும் திறந்து வாசிக்கலாம். மலரில் ஒலிப்பதிவுக்கு ஒரு கியூஆர் சதுரம் போட்டால் 32 பக்கக் கவலையும் பாதி தீரும்.

ஓய்வுபெற்ற வாத்தியார் (களுவாஞ்சிகுடி):

மகள், உங்கள் எழுத்தை இரண்டு தரம் வாசித்தேன். ஆனாலும் அச்சகத்தார் தந்ததை எல்லாம் தூக்கி எறிய வேண்டாம் என்று சொல்ல வந்தேன். திதி வெண்பாவில் ஆண்டு, மாதம், பட்சம், திதி எல்லாம் அடங்கும். பத்து வருடம் கழித்துத் திவசம் எந்த நாள் என்று பேரப்பிள்ளை தேடும்போது அந்த நாலு அடிதான் கைகொடுக்கும். வம்சவழியும் அப்படித்தான். எங்கள் ஊர்களில் சூறாவளியும் சண்டையும் சுனாமியும் பதிவுகளை அழித்த பிறகு, தாத்தா பேரைக் கல்வெட்டில் பார்த்து உறவைக் கண்டுபிடித்தவர்கள் உண்டு. தேவாரம் ஒன்றிரண்டு இருக்கட்டும். கலாபூஷணம் விருது கிடைத்திருந்தால் அதையும் போடுங்கள். அவர் பெரிதாக நினைத்திருக்க மாட்டார், ஆனால் இந்தப் பகுதியில் கூத்துக்காரருக்கு அரசாங்கம் தலை வணங்கிய சந்தர்ப்பம் குறைவு.

கோத்து வைத்த புலம்பலை மட்டும் கட்டாயம் எடுத்துவிடுங்கள். கவி கட்டின மனிதருக்கு அது பொருந்தாது.

களரிமகள்:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

முனைக்காட்டு அண்ணா, நீங்கள் எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அந்தப் பயணம் அம்மாவுக்கு ஞாபகம் இருக்கிறது. விடியத் திரும்பி வந்து, “நல்ல ஆட்டக்காரன் ஒருவனைப் பார்த்தேன்” என்றுதான் சொன்னாராம். தான் தாளத்தை மெதுவாக்கியதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையாம். உங்கள் கதையை உங்கள் வார்த்தையிலேயே மலரில் போட அனுமதி தாருங்கள்.

சேர், திதி வெண்பாவைப் பற்றி நீங்கள் சொன்னது சரி. அது இருக்கும், வம்சவழியும் இருக்கும். கலாபூஷணம் கிடைத்தது, சான்றிதழ் பெட்டகத்தின் அடியில் கிடந்தது. அதுவும் வரும். தேவாரத்தில் அப்பா காலையில் பாடும் ஒன்றை மட்டும் போடுகிறோம்.

ஆவணப்பெட்டித் தம்பி, நல்ல வேளை சொன்னீர்கள். அக்கா லமினேற் செய்யக் கொடுப்பதற்கு ஒரு கொப்பியை எடுத்தே வைத்துவிட்டா. உடனே மறித்துவிட்டேன்.

சூரிச் பேரன்:

மாமி, அப்பா இந்த இழையை அனுப்பினார். என் தமிழில் பிழை இருந்தால் திருத்துங்கள்.

நான் 2019 லீவுக்கு வந்தபோது அப்பப்பா முற்றத்தில் எனக்கு முதல் தாளக்கட்டுப் பழக்கினார். எனக்கு இடது கால் எப்போதும் பிந்தி வரும். அவர் ஏசவில்லை. என் இடது காலுக்கு மட்டும் சதங்கை கட்டிவிட்டார், அந்தக் காலின் சத்தம் எனக்கே கேட்க வேண்டும் என்று. இரண்டு நாளில் சரியாகிவிட்டது. திரும்பி வந்த பிறகு வாட்ஸ்அப்பில் குரல் அனுப்புவார். எல்லாவற்றையும் வைத்திருக்கிறேன். அதிகம் மழை, மாடு, மாமி வைத்த கறி. இடையில் பாட்டு. இது நான் வெளிக்கிட்ட அன்று அனுப்பியது, கேட்டு எழுதுகிறேன்:

வட்டக் களரியிலே வரவுசொல்லி ஆடுமுன்னே
எட்டாத நாட்டுக்கு ஏறிப்போற என்மனே
கட்டின சதங்கைதான் காலைவிட்டுக் கழன்றாலும்
கொட்டின மத்தளம்தான் கூடவந்து பேசும்மனே

எங்கள் பக்கத்துக்குப் புலம்பல் வேண்டாம். இதைப் போடுங்கள். மற்றக் குரல்களை ஆவணப்பெட்டி அண்ணா சொன்ன மாதிரி சுருங்காமல் எப்படி அனுப்புவது என்று சொல்லுங்கள்.

ஆவணப்பெட்டி:

தம்பி, வாட்ஸ்அப் குரல் வரும்போதே சுருங்கித்தான் வந்திருக்கும், அதற்கு மேல் கெடாமல் பார்த்தால் போதும். போனின் கோப்புகளுக்குள் போய் அந்த ஓபஸ் கோப்புகளை அப்படியே கூகுள் டிரைவில் ஏற்றுங்கள். போன் மாற்றுவதற்கு முன் செய்யுங்கள், நிறையப் பேருக்கு அங்கேதான் தொலைகிறது.

களரிமகள்:

மருமகனே, ஒரு பிழையும் இல்லை. மூன்றாம் அடியை அம்மா கூடப் பாடினார், உன்னோடு போனில் கதைக்கும்போதெல்லாம் அப்பா அதை முணுமுணுப்பாராம்.

முடிவு இதுதான். முன் அட்டையில் மத்தளத்தோடு இருக்கும் படம். உள்ளே திதி வெண்பாவும் வம்சவழியும் நாலு பக்கத்துக்குள். பிறகு புள்ளி வைத்த விருத்தங்கள், ஒவ்வொன்றின் கீழும் பாடியவர் பேர். புலம்பல் இருக்கும் இடமெல்லாம் அவர் மற்றவர்களுக்குக் கட்டிய கவிகள் வரும், பாண்காரருடையது உட்பட. பாண்காரர் இன்னும் வருகிறார், தனக்குக் கட்டினதைக் கேட்டேன், ரோட்டில் நின்றே முழுக்கப் பாடிவிட்டார்.

கொப்பிகளை மகளும் நானும் இந்தச் சனிக்கிழமை படம் எடுக்கத் தொடங்குகிறோம். ‘அருச்சுனன் தபசு’வில் 1978க்கு முன் பாடப்பட்ட வேடன் வரவு விருத்தம் யாருக்காவது பாடமிருந்தால் எழுதுங்கள், அந்த இடத்தில் இப்போது இருப்பது புள்ளி வைத்தது. செங்கலடி, சித்தாண்டிப் பக்கம் ஓடக்கூடிய கசெற் பிளேயர் வைத்திருப்பவர்கள் தனிமடல் போடுங்கள். எடுத்துப்போய் வேலை முடிந்ததும் நானே கொண்டுவந்து தருவேன்.